கோழிக்கிளி மார்க் காப்பித்தூளும் நாக்குக் கோர்ட்டும்

தாமிரபரணி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு நாக்கு திருநெல்வேலிச் சீமையில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவரோடு பந்தியில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

முதல் யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, பாளையங்கோட்டைக் கோர்ட்டு ஒன்றில் அவர் நகல் குமாஸ்தா. பக்கத்து மேஜை என்னுடையது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது; எங்களுக்கெல்லாம் அவர் ‘நாக்குக் கோர்ட்டு’. பகல் பூராவும் யாரோ எழுதிய தீர்ப்பை நகல் எடுத்து எடுத்து, சாயங்காலம் தானும் ஒரு தீர்ப்புச் சொல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அவருடைய கோர்ட்டு எதிர்த்த தெருவில், அண்ணாச்சியின் மளிகைக்கடையில் நடக்கும்.

அண்ணாச்சி திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். மேல் தட்டில் கப்பலில் வந்த சீமைச் சரக்கு: கிரீடம் போட்ட காப்பித்தூள் தகரம், பிஸ்கோத்து, சவுக்காரம். கீழ்த் தட்டில் அண்ணாச்சி தானே வறுத்து, இடித்து, காய்ச்சிக் காகிதத்தில் கட்டிய சரக்கு. பெரிய கம்பெனிக்கு மார்க் இருந்தால் நமக்கும் இருக்கட்டுமே என்று அவரே மரத்தில் ஒரு கிளியைச் செதுக்கிப் பொட்டலத்துக்குப் பொட்டலம் முத்திரை குத்துவார். அது கிளி என்று அவர் ஒருவர்தான் சொன்னார். ஊருக்கு அது கோழி மாதிரி தெரிந்ததால் ‘கோழிக்கிளி மார்க்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒருநாள் நாக்குக் கோர்ட்டு வேட்டியின் வலப் பாதியைச் சீமைச் சவுக்காரத்திலும் இடப் பாதியைக் கோழிக்கிளிச் சவுக்காரத்திலும் துவைத்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். தாழ்வாரத்தில் வக்கீல்களை நிறுத்தி, முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிக் காட்டினார்.

“நல்லாப் பாருங்க! எந்தப் பக்கம் வெளுப்பு?”

“ஏன்வே, கட்சிக்காரன் காத்துக்கிட்டு கெடக்கான், நீரு வேட்டியக் காட்டிக்கிட்டு நிக்கீரு!” என்றார் ஒரு வக்கீல்.

“வெளுப்பு ரெண்டும் ஒண்ணு, வெலதான் ரெண்டு. எழுதிக்கிடுங்க!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணாச்சியிடம் கமிஷன் வாங்குகிறார் என்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு கோழிக்கிளி பிஸ்கோத்து வந்த அன்றைக்கு அடங்கிவிட்டது. ஒன்றைக் கடித்தார், பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அண்ணாச்சி, இது பிஸ்கோத்து இல்ல, கூரை ஓடு. சீமைக்காரனுக்கே ஜெயம்” என்றார். அண்ணாச்சி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து நின்று, “பெருங்காயம் பம்பாய்ச் சரக்குன்னு சொன்னீகளே, இது அண்ணாச்சி கடைச் சரக்குல்லா!” என்று பெண்ணின் தகப்பனாரைக் கேட்டவரும் இவர்தான். சமையல்காரன் ஒப்புக்கொண்டான். குறுக்குத்துறைத் தண்ணீரையும் சிந்துபூந்துறைத் தண்ணீரையும் செம்பில் கொடுத்தால், இது இந்தத் துறை, அது அந்தத் துறை என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. “பேரைக் கண்ணால குடிக்கீக, வே. கண்ண மூடிட்டு நாக்கால குடிங்க” என்பது அவர் எங்களுக்கு அடிக்கடி சொல்லுவது.

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். சம்பளம் சின்னது, ஜம்பம் பெரிது. “நம்ம வீட்ல கிரீட மார்க் தவிர வேற காப்பி கெடையாது” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் சிரஸ்தார், அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவர், அவரும் கிரீடக் கட்சி. அதனால் எனக்கு அவரிடம் கொஞ்சம் செல்வாக்குக்கூட இருந்தது. காலையில் தம்ளரைக் கையில் வாங்கியதும், “தகரம் தகரந்தான், ஆவுடை!” என்பேன். ஆவுடை என் வீட்டுக்காரி. உடனே உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் சிரஸ்தார் வம்புக்கு இழுத்தார்.

“நாக்கு நாக்குன்னு குதிக்கீரே, கிரீடத்தையும் கோழியையும் கண்ணக் கட்டிட்டுக் குடிச்சுச் சொல்லிருவீரா?”

“சொல்லுதேன். சொல்லத் தெரியலன்னா அன்னைக்கோட எந்தச் சரக்குக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

கிரீடத் தகரம் இருப்பது என் வீட்டில்தானே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று நானே முந்திக்கொண்டு அழைத்துவிட்டேன். ஆவுடையிடம் சொன்னதும், “இந்த ஞாயித்துக்கிழமையா?” என்று மூன்று தடவை கேட்டாள். சிரஸ்தாரே வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். பத்தமடைப் பாயை விரித்து, நாக்குக் கோர்ட்டை நடுவில் உட்கார்த்தி, என் தோளில் கிடந்த நேரியலால் கண்ணைக் கட்டினோம். ஆவுடை இரண்டு செம்பு காப்பியைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டாள். நூல் கட்டிய செம்பு தகரக் காப்பி, கட்டாதது கோழிக்கிளி. சிரஸ்தார் இரண்டையும் முதலில் தானே குடித்துப் பார்த்தார். நூல் கட்டிய காப்பி உள்ளே போனதும் கண்ணை மூடி, “ஆகா! மணமே சொல்லுதே, சீமைத் துரை வீட்டுச் சரக்குன்னு!” என்றார். நானும் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

நாக்குக் கோர்ட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு முதல் தம்ளரைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். மறுபடி முதல் தம்ளர். உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ‘சரி, கண்டுபிடித்துவிட்டார்’ என்று நினைத்தேன். அந்த நேரம் கதவுக்குப் பின்னால் ஆவுடையின் வளையல் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. தம்ளரைக் கீழே வைக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“என்னவே, தீர்ப்பை ஒத்தி வச்சிட்டீரா?” என்றார் சிரஸ்தார்.

“தெரியல, ஐயா” என்றார். “எது எதுன்னு தெரியல. நாக்கு செத்துப் போச்சு.”

வீடே சிரித்தது. “கோர்ட்டுக் கலைஞ்சுது!” என்று கத்தினவன் நான்தான்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதற்குப் பிறகு கடைக்கு வருவார், வேண்டியதை வாங்குவார், போவார். யாராவது இது நல்லாருக்குமா அது நல்லாருக்குமா என்று கேட்டால், “எனக்கு நாக்கு இல்ல, வே” என்று நகர்ந்துவிடுவார். நாக்குக் கோர்ட்டே தோற்றுவிட்டது என்று சிலபேர் கோழிக்கிளியை விட்டுத் தகரத்துக்குப் போனார்கள். நாலு மாசம் நாங்கள் அவரை வைத்துச் சிரித்தோம். வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

ஒரு சாயங்காலம் கடையில் நின்று, “செத்த நாக்கு இன்னைக்கு வரலையா அண்ணாச்சி?” என்று கேட்டேன். அண்ணாச்சி தராசைத் தட்டென்று வைத்தார்.

“குமாஸ்தா ஐயா, சொல்லக்கூடாதுன்னு அந்த மனுசன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. நீங்க பேசுத பேச்சுக்கு அந்தச் சத்தியம் தாங்காது. உங்க வீட்டுத் தகரத்துக்குள்ள ரெண்டு வருசமா இருக்கது யாரு தூள்னு நெனைக்கிய? என் தூளு! உங்க வீட்டம்மா வாரந்தவறாம வாங்கிட்டுப் போறாக. அன்னைக்கு ரெண்டு செம்புலயும் கோழிக்கிளிதான்!”

வீட்டுக்குப் போய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஆவுடைமேல் பாய்ந்தேன். அவள் அசையவில்லை.

“கத்தாதிய. அந்தத் தகரம் வாங்கினா மாசக் கடைசியில அரிசிக்கு நான் எங்க போவேன்? முதத் தகரத்தோட சரி. தீந்தபொறவு அண்ணாச்சி தூளத்தான் கொட்டி வச்சேன். ‘தகரம் தகரந்தான்’னு சொட்டு விடாமக் குடிச்சது நீங்கதான?”

தகரத்தைக் கீழே வைத்தேன்.

“அப்போ நாக்குக் கோர்ட்டு ஏன் தெரியலன்னு சொன்னாரு?”

“தெரிஞ்சதுனாலதான் தெரியலன்னாக” என்றாள். நாலு மாசமாக அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது.

அப்போதே நாக்குக் கோர்ட்டு குடியிருந்த அறைக்கு ஓடினேன். “ரெண்டும் ஒரே சரக்குன்னு சொல்லியிருந்தா நீரு ஜெயிச்சிருப்பீரே, வே!” என்றேன்.

“ஜெயிச்சிருப்பேன். அந்தப் பிள்ள எட்டு ஆம்பளைக்கு முன்னால தோத்திருக்கும். வளையல் நடுங்குத சத்தம் உமக்குக் கேக்கலையாக்கும்? நான் சரக்குக்குத்தான் தீர்ப்புச் சொல்லுவேன், வே. அடுப்படிக்குச் சொல்ல மாட்டேன்.”

“நாளைக்கு ஆபீஸ்ல நானே உண்மையச் சொல்லுதேன்.”

“சொன்னீருன்னா உம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

ஆவுடையிடம் கேட்டேன். “போய்ச் சொல்லுங்க. எம்பேரையும் சேத்தே சொல்லுங்க. ஒழுங்காக் குடும்பம் நடத்தினதுல எனக்கு என்ன வெக்கம்? அன்னைக்குத்தான் பயந்துட்டேன்” என்றாள். மறுநாள் சொன்னேன். ஆபீஸே என்னைப் பார்த்துச் சிரித்தது. ‘மணமே சொல்லுதே’ என்ற சிரஸ்தார் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய லீவு ஒரு வருஷம் வரவில்லை.

நாக்குக் கோர்ட்டு சொன்னபடியே என் மூஞ்சியில் முழிக்காமல் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் அண்ணாச்சி கடையில் புது ஊறுகாயை எடுத்து நக்கிப் பார்த்து, “உப்பு அநியாயம்!” என்று அவர் கத்தியது கோர்ட்டு வாசல்வரை கேட்டது. வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஊரில் எல்லாச் சரக்குக்கும் தீர்ப்புச் சொன்னவர், ஆவுடை கொடுத்த காப்பியை நல்லாருக்கு என்றோ இல்லை என்றோ பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்பார். அவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆவுடை இன்னும் ஒரு தம்ளர் கூடத்தான் போடுகிறாள். ஆறிப்போக விடாமல் அதை நானே குடித்துவிடுகிறேன். அவர் அளவுக்கு எனக்கு ருசி தெரியாது.