மாற்றிப் போட்டுப் பார்த்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில், ஆற்றோரமாக வளை தோண்டிக் குடியிருந்த பிராணிகளுக்கெல்லாம் மழைக்கு முன்னால் மேட்டு நிலத்தில் இடம் தருவதாகச் சிங்கராஜா அறிவித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இடம் உண்டு. ஆனால் ஆன்லைனில்தான் கேட்க வேண்டும், அன்று பொழுது சாய்வதற்குள் கேட்க வேண்டும். காட்டுக்குள் மின்சாரம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை.

அங்கே அருணகிரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. போன மழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து ஒரு குட்டியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மனைவி வடிவு மறுபடியும் நிறைமாசம். ஆகவே அருணகிரி விடிந்ததும் விடியாததுமாக லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் நிரப்பி, 'சமர்ப்பி' என்பதை அழுத்தியது. திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் வருத்தம் தெரிவித்துவிட்டு லேப்டாப் அணைந்துபோனது. திரும்பப் போட்டுப் பார்த்தது. திரும்பவும் வருத்தம் தெரிவித்தது.

ஆலமரத்தில் பழுது பார்ப்பவர்கள் இருவர். மேல் கிளையில் ஹார்ட்வேருக்கு மரங்கொத்தி, அடிமரத்தில் சாஃப்ட்வேருக்கு நரி.

மரங்கொத்தி லேப்டாப்பை அங்கங்கே தட்டிப் பார்த்து, "உடம்புல ஒரு குறையும் இல்ல. இது சாஃப்ட்வேர் கோளாறு. கீழ போங்க" என்றது.

நரி லேப்டாப்பைத் திறக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தது. "சாஃப்ட்வேர் சுத்தமா இருக்கு. இது ஹார்ட்வேர். மேல போங்க."

முள்ளம்பன்றி மரமேறுகிற பிராணி இல்லை. ஆனாலும் உச்சி வெயில் வரைக்கும் ஏறி இறங்கியது. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்களேன். வீட்டுல நிறைமாசக்காரி இருக்கா" என்று அழுதுவிட்டது. அழுகிற முள்ளம்பன்றியை முதுகில் தட்டி ஆறுதல் சொல்லவும் முடியாது. மரங்கொத்திக்கே மனசு இளகியது.

"சந்தேகம்னா மாத்திப் போட்டுப் பாக்கறதுதான் முறை. நல்லா ஓடுற லேப்டாப் ஒண்ணு கொண்டாங்க. இதே மாடலா இருக்கணும்."

பக்கத்து வளை எறும்புத்தின்னி பொன்னுரங்கத்திடம் அதே மாடல் இருந்தது. பொன்னுரங்கத்துக்குக் கண் பார்வை கம்மி, மனசு பெரிசு. "அதுக்கென்னண்ணே, எடுத்துட்டுப் போங்க. நான் இன்னும் மனு போடல. சாயங்காலம் போட்டுக்கறேன். அண்ணி நல்லபடியா மேட்டுக்குப் போகணும்."

மரங்கொத்தி முதலில் ரேமை மாற்றிப் போட்டது. நீலம். ரேமை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு ஹார்ட் டிஸ்கை மாற்றிப் போட்டது. லேப்டாப் முனகிக்கொண்டே எழுந்தது. திரையில் பொன்னுரங்கமும் அதன் மனைவியும் மாலையும் கழுத்துமாக நின்றன. அருணகிரி மளமளவென்று நிரப்பி அழுத்தியது. 'மனு ஏற்கப்பட்டது. உத்தரவு இதே கணினிக்கு வரும்.'

"சொன்னேன்ல? அந்த டிஸ்க்ல இருக்கிற சாஃப்ட்வேர்தான் கோளாறு" என்றது மரங்கொத்தி.

"இல்ல. சாஃப்ட்வேரைத் தாங்குற டிஸ்க்தான் கோளாறு" என்றது நரி. பிறகு இரண்டும் முதன்முதலாக ஒத்துப்போயின. "பழைய டிஸ்கைத் திருப்பி மாட்டி, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும்."

அருணகிரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கழற்றினால் உத்தரவு வராமல் போய்விடுமோ? வெள்ளத்தில் போன குட்டியின் நினைவு வந்தது. பொன்னுரங்கத்தின் நினைவும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

"வேண்டாங்க. ஓடுறதை எதுக்கு நோண்டணும்?" என்று சொல்லி, கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு ஒரு பூச்செடி படத்தை வைத்தது. தன் பழைய டிஸ்க் மாட்டியிருந்த பொன்னுரங்கத்தின் லேப்டாப்பை அதனிடமே கொடுத்து மனமார நன்றி சொன்னது.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னுரங்கம் மூச்சு வாங்க ஓடிவந்தது. "அண்ணே, கல்யாணப் போட்டோவைக் காணோம். என்னவோ நீலமா வருது, அணைஞ்சு போகுது. இது ஹார்ட்வேரா, சாஃப்ட்வேராண்ணே?"

அருணகிரியின் முட்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

"சாஃப்ட்வேர்தான் தம்பி. கண்டதையும் தொறந்து பாத்திருப்பீங்க. நரிகிட்ட காட்டுங்க."

"நல்லவேளை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் ஆலமரத்தைப் பார்த்து ஓடியது.

மழை வந்தது. மேட்டு வளையில் வடிவு இரண்டு குட்டிகளை அணைத்தபடி படுத்திருந்தது. கீழே ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர்.

"பொன்னுரங்கம் தம்பியை இந்தப் பக்கம் காணலையே?"

"லேப்டாப்ல ஏதோ கோளாறாம்."

"ஐயோ பாவம், தங்கமான பிராணியாச்சே! என்ன கோளாறாம்?"

அருணகிரி குட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "இன்னும் கண்டுபிடிக்கல."

நீதி: பழுது எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அது பக்கத்து வீட்டில் இருந்தால் போதும்.