கர்வ் மாஸ்டர்

உலகத்தில் இதுவரை ஒரு தப்பும் செய்யாத மனிதர் ஒருவர்தான். அவர் பெங்களூர் விவேக் நகரில், ஒரு மெழுகுவர்த்திக் கடையின் மாடியில், கம்ப்யூட்டர் டிசைன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தகவலை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

பெயர் என்னவோ இருந்தது. நாங்கள் வைத்தது கர்வ் மாஸ்டர். தொண்ணூறுகளின் கடைசி அது. நாம் அடிக்கும் தமிழ் ஃபான்ட் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், அழகான தமிழெல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாகிவிடும். அதற்குப் பயந்து எழுத்துகளைப் படமாக மாற்றிவிடுவதற்குப் பெயர்தான் கர்வ் ஆக்குவது. 'சாப்பிட்டியா' என்று மற்றவர்கள் கேட்கும் இடத்தில் எல்லாம் மாஸ்டர், "கர்வ் ஆக்குனியா?" என்றுதான் கேட்பார்.

வகுப்பில் கம்ப்யூட்டர் ஒன்று, மாணவர்கள் ஒரு பஸ் கூட்டம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி., எங்களுக்கு விசிறிக்கொள்ள சிலபஸ். மௌஸ் கிடைக்காதவர்கள் வீட்டில் சோப்பு டப்பாவைத் தேய்த்துப் பழக வேண்டும். நான் பழகி முடிக்கும்வரை என் ரூம்மேட் பக்கெட்டோடு நின்றுகொண்டிருப்பான்.

கர்வ் பைத்தியம் அவருக்குச் சும்மா பிடிக்கவில்லை. ஒருமுறை எங்கள் தெருவில் இறந்துபோன அந்தோணி தாத்தாவின் இரங்கல் போஸ்டரைக் கர்வ் ஆக்காமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். விடிந்தால் தெருவெங்கும் கொம்பு எழுத்து. சாவு வீட்டுக்காரர்கள் உருகிப்போனார்கள்.

"மாஸ்டரு நம்ம அப்பாவுக்கு லத்தீன்லயே அடிச்சிருக்காரு பாரு!"

லத்தீன் தெரிந்த பாதிரியார் மட்டும் நீண்ட நேரம் அந்தப் போஸ்டர் முன்னால் நின்றார். "அது பிரஸ்காரன் தப்பு" என்றார் மாஸ்டர்.

பிறகு ஆடுகோடியில் எங்கள் வகுப்புப் பையன் கல்யாணம். பத்திரிகையை அவனே டிசைன் செய்திருந்தான். மாஸ்டர் மேடையேறி, கிஃப்டைக் கொடுத்து, உரக்கக் கேட்டார்: "கர்வ் ஆக்குனியா?"

"போன மாசமே ஆக்கிட்டேன் சார்!" என்றான் மாப்பிள்ளை, பணிவாக.

பக்கத்தில் நின்ற பெண்ணின் அத்தைக்கு அது கர்ப்பம் என்று காதில் விழுந்தது. "யோவ், இன்னாய்யா பேச்சு இது? இப்பதான்யா தாலியே ஏறிச்சு!"

நாங்கள் பந்தி பார்க்காமலே வெளியேறினோம். "அந்தம்மா காது தப்பு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் மாஸ்டர்.

இப்பேர்ப்பட்ட பல்கலைக்கழகத்தில் படித்துத்தான் நான் ரெசிடென்ஸி ரோட்டில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அப்பாவுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த வேலையும் இல்லையென்றால் ஊருக்கு வந்து மாமா மளிகைக் கடையில் பொட்டலம் கட்டு என்று சொல்லியிருந்தார்.

புடவைக் கடை விளம்பரம் ஒன்றை டிசைன் செய்யச் சொன்னார்கள். பிரமாதமாகச் செய்தேன். பழக்க தோஷத்தில் கையோடு கர்வும் ஆக்கிவிட்டேன். மேனேஜரம்மா எட்டிப் பார்த்தார்.

"பாட்டுப் புடவையா? பாடுமா? பட்டுன்னு மாத்துப்பா."

எங்கே மாற்றுவது? எழுத்தெல்லாம் படமாகிவிட்டது. பழைய காப்பியும் எடுத்து வைக்கவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

மாடிக்கு வந்து மாஸ்டரிடம் சொன்னேன், ஊருக்குக் கிளம்புகிறேன் என்று. யார் தப்பு என்று தீர்ப்பு வரும் எனக் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து ஆட்டோவில் தள்ளி, நேராக அந்த அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மேடம், ஒரு காப்பி எடுத்து வச்சிட்டுதான் கர்வ் ஆக்கணும். அத நான் இவனுக்குச் சொல்லித் தரல. தப்பு என்னுது. பையன் சொன்னத அப்டியே செய்றவன்."

அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வாரம் வரட்டும், பாக்கலாம்."

அந்த ஒரு வாரத்தில்தான் என் பிழைப்பு ஆரம்பித்தது.

படியிறங்கும்போது, "சார், காப்பி எடுத்து வைன்னு மொத கிளாஸ்லயே சொன்னீங்களே" என்றேன்.

"சும்னே வாடா" என்றார் பாதிக் கன்னடத்தில், திரும்பிப் பார்க்காமல்.

அவர் வாயால் ஒத்துக்கொண்ட ஒரே தப்பு அதுதான், அதுவும் என்னுடையது. எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும்.