நுரைக்கு முதல் வகுப்பு

பீர் குடிக்கிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பாவம், குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். யாருக்கும் தொந்தரவு கிடையாது. நான் அறிமுகப்படுத்த விரும்புவது வேறோர் இனம். இந்த இனத்தார் பீர் குடிப்பதில்லை, திருத்துகிறார்கள். பத்தாம் வகுப்பு விடைத்தாளை வாத்தியார் திருத்துவதுபோல முகத்தைச் சுளித்து, பெருமூச்சு விட்டு, மனமில்லாமல் மார்க் போடுகிறார்கள். நியூஜெர்சியில், பிஸ்கட்டவே பக்கம், சனிக்கிழமை மாலையில் எந்த அப்பார்ட்மெண்ட் கதவைத் தட்டினாலும் ஒருவராவது அகப்படுவார். எங்கள் வீட்டில் தட்டினால் மூன்று பேர் அகப்படுவோம்.

ஆமாம், நானும்தான். பிறரைக் கேலி செய்கிற யோக்கியதை எனக்கு ஏது? இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்து அமெரிக்கா எங்களைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் எங்களுக்குத் தெரிந்த பீர் இரண்டே வகை: ஜில்லென்று இருப்பது, ஜில்லென்று இல்லாதது. அதையும் நின்றவாக்கில் குடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டே வீட்டுக்குப் போனவர்கள்தான் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊருக்கு வந்து, காரும் கிரெடிட் கார்டும் கிடைத்த ஆறாவது மாதத்தில், "இதுல பின்ருசி கொஞ்சம் பத்தலையே" என்று பேச ஆரம்பித்தோம் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல?

எங்களைக் கெடுத்தவர் ஃப்ராங்க். எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு எதிரே மதுக்கடை வைத்திருந்த அமெரிக்கர். ஒருநாள் தக்கை அடைத்த ஒரு கரும் பாட்டிலை எடுத்துக் காட்டினார். பெல்ஜியத்தில் ஏதோ ஒரு கிராமத்தில், மாட்டுக்கொட்டகையை ஒட்டின சின்னக் கொட்டகையில், ஒரு தகப்பனும் மகளும் காய்ச்சுகிற பீர். கம்பெனியின் பெயரை உச்சரிக்க முயன்றால் தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். வாங்கினோம். குடித்தோம். அன்றோடு எங்களுக்குப் பித்துப் பிடித்தது. அவர்கள் காய்ச்சியதில் வெளிர் நிறம், செந்நிறம், புளிப்பு, கசப்பு என்று கடைக்கு வந்த அத்தனையையும் வரிசையாக வாங்கித் திருத்த உட்கார்ந்தோம்.

திருத்துகிற சடங்கைச் சொல்ல வேண்டும். முதலில் பாட்டிலை பால்கனியில் வைப்போம். ஃப்ரிட்ஜில் வைப்பது அநாகரிகம். பிறகு அதற்கென்று உள்ள கிளாஸ் வேண்டும். தண்டு வைத்த, அகலவாய்க் கிளாஸ். அதில் ஊற்றாவிட்டால் மார்க் செல்லாது என்று எங்கோ படித்துவிட்டோம். பாட்டிலோடு இலவசமாக வந்தது ஒரே ஒரு கிளாஸ். நாங்கள் மூன்று பேர். எச்சில் என்று ஒரு விஷயம் இருக்கிறதே! பொள்ளாச்சிக்காரர் வெள்ளியங்கிரிதான் வழி கண்டுபிடித்தார். கிளாஸை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தண்ணீர் அப்படிக் குடிக்கலாம். பெல்ஜியத்து பீர் குடிக்க முடியுமா? வாய்க்குள் பொங்கிய நுரை மூக்கு வழியாக வந்தது. இருமி, தும்மி, கண்ணெல்லாம் சிவந்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை:

"வாசன நல்லாருக்குதுங்க."

அடுத்தவர் சத்தியசீலன். மார்த்தாண்டத்துக்காரர், மருந்துக் கம்பெனியில் விஞ்ஞானி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் பாட்டுக்குழு. பீர் பாட்டில்களை டயப்பர் பெட்டியில் வைத்துத்தான் மாடியேற்றுவார். அவர் பிள்ளைகள் டயப்பரை விட்டுப் பல வருஷமாகிறது. அவர் கிளாஸை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி நெடுநேரம் இருந்துவிட்டு, "கொத்தமல்லி வாடை வருது" என்பார்.

"அது உங்க கையில வருது அண்ணே," என்பாள் என் மனைவி ஜெயலீலா, சமையலறையிலிருந்து. "இப்பதான சட்னிய வழிச்சுச் சாப்ட்டீங்க?"

இதெல்லாம் எங்களைப் பாதிக்காது. நாங்கள் மார்க்குக்குப் போய்விடுவோம். நூற்றுக்கு எத்தனை? இங்கேதான் இந்த இனத்தின் மகிமை வெளிப்படும். பிடிக்காத பீருக்கு நாற்பது. சுமாரானதற்கு ஐம்பது. பிடித்ததற்கு ஐம்பத்தைந்து. தொண்ணூறு போட்டால் திருத்துகிறவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அறுபது வாங்கினால் முதல் வகுப்பு; தெருவே வந்து பார்க்கும். எழுபத்தைந்து வாங்கியவன் பேப்பரில் போட்டோவோடு வருவான். கணக்கைத் தவிர வேறெதற்கும் நூறு என்று ஒரு மார்க் இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. விமர்சனமும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவோம். நன்றாக இல்லாவிட்டால் நீளமாக எழுதுவோம். நன்றாக இருந்தால் 'நாட் பேட்'. 'பரவாயில்லை' என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான்.

இவற்றையெல்லாம் இண்டர்நெட்டில் ஒரு இலவசப் பக்கம் திறந்து போட்டு வைத்தேன். என்ன ஆச்சரியம், ஆட்கள் படித்தார்கள்! ஃப்ராங்க் கடைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பற்றி விசாரித்தார்களாம். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஃப்ராங்க் எங்களைக் கூப்பிட்டு ஒரு புது பாட்டிலைக் கையில் கொடுத்தார். தகப்பனும் மகளும் அமெரிக்காவுக்கென்றே முதன்முறையாகக் காய்ச்சின கறுப்பு பீர். விற்குமா என்று இறக்குமதிக்காரருக்குச் சந்தேகம். உங்கள் பக்கத்தை அவரும் பார்க்கிறார், நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்கு வரவழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார்.

அந்தக் கறுப்பு பீரை என்னவென்று சொல்வேன்! கருப்பட்டியும், சுட்ட ரொட்டியின் கருகின ஓரமும், கொஞ்சம் புளிப்பும். முதல் வாய் இறங்கியதும் வெள்ளியங்கிரி எச்சிலை மறந்து கிளாஸில் வாய் வைத்தே குடித்துவிட்டார். சத்தியசீலன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எனக்கு அந்த அந்நிய ஊரில் முதன்முதலாக, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. இந்த பீர் வருஷா வருஷம் வரவேண்டும், வராவிட்டால் தாங்காது என்று மூவரும் சொல்லிக்கொண்டோம்.

பிறகு மார்க் போட உட்கார்ந்தோம்.

"எழுவது போடுவோம்," என்றேன் நான், உணர்ச்சிவசப்பட்டு.

"எழுவதா? நெறைய ஆச்சேங்க," என்றார் வெள்ளியங்கிரி. "தலைக்கனம் வந்துருமுங்க. அடுத்த வருசம் ஒழுங்காக் காச்ச மாட்டாங்க."

"நுரை கொஞ்சம் சீக்கிரம் அடங்கிட்டுல்லா," என்றார் சத்தியசீலன். "ரெண்டு மார்க் கொறச்சிரலாம்."

அறுபத்தெட்டு. எங்கள் சரித்திரத்திலேயே அதுவரை யாருக்கும் போடாத மார்க். போட்டுவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டோம். கீழே 'நாட் பேட்' என்று எழுதி, ஒரு வேகத்தில் ஆச்சரியக்குறியும் சேர்த்தேன். பிறகு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டதால் எடுத்துவிட்டேன்.

டிசம்பர் முழுவதும் ஆபீஸே கதி. இரண்டாயிரம் பிறந்தது; கம்ப்யூட்டர்கள் ஒன்றும் படுக்கவில்லை. நாங்கள் மூவரும் உல்லன் தொப்பி சகிதம் பனியில் வழுக்கிக்கொண்டே ஃப்ராங்க் கடைக்கு ஓடினோம், கறுப்பு பீரை ஒரு கேஸ் வாங்கி வைத்துவிடுவது என்று. அலமாரியில் அந்த இடம் காலி. எங்கே என்று கேட்டோம்.

ஃப்ராங்க் எங்களை விநோதமாகப் பார்த்தார். நீங்கள்தானே அதை ஃபெயிலாக்கினீர்கள் என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. முதல் வகுப்பு அல்லவா கொடுத்தோம் என்றேன். அறுபத்தெட்டு எந்த ஊரில் முதல் வகுப்பு என்று கேட்டார் ஃப்ராங்க். அவர் பெண் பள்ளிக்கூடத்தில் அறுபத்தெட்டு வாங்கி வந்தால் வாத்தியார் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவாராம். இறக்குமதிக்காரர் பக்கத்தைப் பார்த்தார், அறுபத்தெட்டு என்றும் 'நாட் பேட்' என்றும் படித்தார், அன்றே பெல்ஜியத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தகப்பனும் மகளும் அந்தக் கறுப்பைக் காய்ச்சுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் ஊரில் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லையாம்.

"அப்ப, நாங்க போட்ட மத்த மார்க்கெல்லாம்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டார் சத்தியசீலன்.

உங்களுக்கு எதுவுமே பிடிக்கவில்லை, ஆனாலும் வாராவாரம் வந்து வாங்கிப் போகிறீர்கள், அது ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்து நான் தலையிடவில்லை என்றார் ஃப்ராங்க்.

அன்று மாலை எங்கள் வீட்டில் அவசரக் கூட்டம். எல்லா மார்க்கோடும் இருபத்தைந்தைக் கூட்டி இறக்குமதிக்காரருக்கு எழுதுவோம் என்றேன். "அப்ப நாம நாப்பது போட்ட கழனித்தண்ணி ஃபர்ஸ்ட் கிளாஸாயிருமே?" என்றார் சத்தியசீலன். வெள்ளியங்கிரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "போட்ட மார்க்கு போட்டதுதானுங்க. வேணும்னா ரீவேல்யுவேஷனுக்கு அவிய அப்ளை பண்ணட்டும்." பெல்ஜியத்துத் தகப்பன், மாட்டுக்கொட்டகையிலிருந்து, வெள்ளியங்கிரிக்கு அப்ளை பண்ண வேண்டும்! கத்திக் கத்தி ஓய்ந்து, எதுவும் எழுதாமலே கலைந்தோம். நமக்குப் பிடித்ததன் கழுத்தை நாமே நெரித்துவிட்டு, அதற்குக் கைவேறு குலுக்கிக்கொண்டோமே!

அவர்கள் போனபின் ஜெயலீலா தட்டு வைத்தாள். மீன் குழம்பு. நான் சாப்பிட்டேன், இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன், விரலைச் சூப்பினேன்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவால்ல," என்றேன். "புளி மட்டும் ஒரு பொட்டு தூக்கல்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உறைத்தபோது அவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து வீட்டில் மீன் குழம்பு கிடையாது. கேட்டால், "உங்களுக்குத்தான் புடிக்கலையே" என்கிறாள். பிடிக்கும், பிடிக்கும், உயிர் என்று இப்போது தினமும் சொல்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் பீர் தொடாதவராக இருக்கலாம். அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இதோ, இதைப் படித்து முடிக்கிற இந்த நிமிஷத்தில், 'பரவாயில்லை, நடுவில் கொஞ்சம் இழுத்துவிட்டான்' என்று மனதுக்குள் ஓர் ஐம்பத்தைந்து போட்டீர்கள் அல்லவா? எனக்குக் கவலையில்லை. நான் நம் ஊர்க்காரன். அது எவ்வளவு பெரிய மார்க் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து வேறு யார் யாரிடம் 'பரவாயில்லை' சொன்னீர்கள் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர் அதை அப்படியே நம்பி, இந்நேரம் அடுப்பை அணைத்துக்கொண்டிருப்பார்.