சொந்தக்காரர் வீட்டில் முதல் சோதனை

திரையில் பச்சை எழுத்து வந்துவிட்டால் உலகம் நலமாக இருக்கிறது என்று நம்பிவிடுவேன். இந்த வியாதி இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் அது என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த நாளிலிருந்து, பச்சையைக் கண்டால் கொஞ்சம் பயமும் சேர்ந்து வருகிறது.

விழுப்புரத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு நெட்வொர்க் வேலை. (ஊரில் கேட்டால், 'கேபிள் டிவி ஆபீஸ்ல வேலை செய்யுது' என்பார்கள்.) விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எங்கள் ரூட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. எந்தெந்த இணைப்பு எண்களுக்கு வழி விடலாம், எவற்றை மறிக்க வேண்டும் என்று அது முடிவு செய்யும். கல்யாணப் பந்தி வாசலில் ஆள் பார்த்து உள்ளே அனுப்புகிறவரைப் போல. எங்கள் ஃபில்டரில் வருஷக்கணக்கான குப்பை சேர்ந்திருந்தது. அதைச் சுத்தமாக மாற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த வேலைக்கென்று ஓர் ஆட்டோமேஷன் மென்பொருள் வைத்திருந்தோம். ஒரே இடத்தில் எழுதிக் கொடுத்தால் எல்லா ரூட்டர்களிலும் அதுவே போய் மாற்றிவிடும். பொறுப்பான பிள்ளை அது. முதலில் என்ன மாறப்போகிறது என்று ஒத்திகை காட்டும். பிறகு ஒரே ஒரு ரூட்டரில் மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்கும். பத்து நிமிடத்துக்குள் நாம் 'சரி' என்று அழுத்தாவிட்டால், ஏதோ கோளாறு என்று தானே பழையபடி ஆக்கிவிடும். இத்தனை பாதுகாப்பையும் தாண்டி ஒருத்தி தப்பு செய்ய வேண்டுமானால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

அந்த முதல் ரூட்டர் எது என்பதில் எங்கள் முதலாளி ஜோசப் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். திண்டிவனத்தில் ஒரு பழைய ரூட்டர். கம்பெனி ஆட்களின் சொந்தக்காரர் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. எந்தப் புது மாற்றமும் முதலில் அவர்கள் தலையில்தான் விடியும். எனக்கு நிச்சயம் செய்திருந்த பிரபுவின் வீட்டுக்கும் நான்தான் சிபாரிசு செய்து அதில் இணைப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். (மாமியார் வீட்டில் நல்ல பெயர் எடுக்கத்தான். வேறெதற்கு?)

அன்று காலை பிரபுவுக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு வேலை. மாப்பிள்ளைக்கு நிலையான வேலை கிடைத்தால்தான் பத்திரிகை அடிப்பேன் என்று என் அப்பா ஒரே பிடியாக நின்றார். ஆகவே அந்தத் தேர்வில் என் கல்யாணமும் சேர்ந்தே தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனேன். தேர்வு நன்றாக நினைவிருந்தது. பிரபுவின் வீடு எந்த ரூட்டரில் இருக்கிறது என்பதைத்தான் சுத்தமாக மறந்துபோனேன்.

ஒத்திகையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது. இந்த எண்கள் நீக்கப்படும் என்றது. யாருடையவை என்று தேடினேன். பில் கட்டுகிற வாடிக்கையாளர் யாருக்கும் அந்த எண்கள் இல்லை. அப்படியானால் பழைய குப்பைதான் என்று தீர்ப்பு எழுதி, திண்டிவனம் பழைய ரூட்டருக்கு அனுப்பினேன். பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று வந்தது.

இனி பத்து நிமிடக் காவல். கம்பெனியின் புகார் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது மூச்சு விடவில்லை. என் செல்போன்தான் அடித்துக்கொண்டே இருந்தது. பிரபுவின் அம்மா. ஜாக்கெட் அளவு கேட்பதற்காக இருக்கும் என்று கட் செய்தேன். மறுபடியும் அத்தை. மறுபடியும் கட். அடுத்து பிரபுவே கூப்பிட்டார். தேர்வு நேரத்தில் இவர் ஏன் எனக்குப் போன் செய்கிறார் என்று ஒன்றும் புரியவில்லை. பயந்துபோயிருப்பார், ஆறுதலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அதையும் கட் செய்தேன். புகார் ஒன்றுமில்லை என்ற நிறைவோடு 'சரி'யை அழுத்தினேன். மற்ற ரூட்டர்களுக்கும் அனுப்பினேன். எல்லாம் பச்சை. ஒரு வாடிக்கையாளர்கூட வாய் திறக்கவில்லை. ஜோசப் அண்ணன் பாராட்டி டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார்.

பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அத்தையின் போனை எடுத்தேன்.

"இன்னாம்மா, நெட்டு வரலயே. புள்ள பேசிக்கினு இருக்கும்போதே நின்னுபோச்சு."

இங்கே எல்லாம் பச்சையாக இருக்கிறதே அத்தை, என்றேன்.

"இங்கயும் பொட்டில பச்சையாத்தான் எரியுது. படந்தான் வரல."

இங்கேயும் பச்சை, அங்கேயும் பச்சை, நடுவில் என்ன? பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். மறுபடியும் பச்சை. கம்பெனிக்குப் போன் செய்திருக்கலாமே அத்தை என்று கேட்டேன், என்னமோ தப்பு அவர் மேல் இருப்பதுபோல.

"ஓசில குடுத்த நெட்டும்மா. அதுக்குப் போயி கம்ப்ளைன்ட்டு பண்ணா நல்லாவா இருக்கும்?"

பஜ்ஜியைத் தட்டிலேயே போட்டேன். ஓசி என்றால் பில் இல்லை. பில் இல்லாதவர்களைத்தான் குப்பை என்று நான் நீக்கியிருக்கிறேன். புகார் செய்யவே கூச்சப்படுகிற ஜனங்களிடம் சோதனை வைத்துவிட்டு, புகார் வருகிறதா என்று காவல் காத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. நீக்கிய வரியைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் தேர்வு முடிந்துபோயிருந்தது.

நடந்ததைச் சாயங்காலம் பிரபு சொன்னார். வீட்டுக்குள் வீடியோவுக்குப் போதுமான சிக்னல் கிடைக்காமல், செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, காயப்போட்ட மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) நடுவில் நின்று மீதித் தேர்வை முடித்திருக்கிறார். பாதியில் ஏன் காணாமல் போனீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். இவருக்குப் பொய் வராது.

"இந்த நெட்டப் பாத்துக்கறதே நான் கட்டிக்கப்போற பொண்ணுதான் சார். வேலையா இருக்குது, போன எடுக்கல" என்றிருக்கிறார்.

அதற்கு அந்த அதிகாரி, "அப்படின்னா உங்களுக்கு இந்த வேலை கண்டிப்பா தேவைப்படும்" என்றாராம். அவர் சிரித்தாரா என்பது காற்றுச் சத்தத்தில் இவருக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்தது. அப்பா பத்திரிகை அடித்தார்.

அத்தை மறு மாதமே பணம் கட்டி வாடிக்கையாளர் ஆகிவிட்டார். திட்டுவதற்காவது உரிமை வேண்டுமாம்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு நடைமுறை. புது மிளகாய்த்தூளோ, யாரோ கொடுத்த ஊறுகாயோ, எதுவானாலும் முதல் வாய் எனக்குத்தான். போன வாரம் அத்தை புதுசாக ஒரு கருவாட்டுக் குழம்பு வைத்தார். எனக்கு மட்டும் ஊற்றிவிட்டு எல்லாரும் வெறுந்தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நீங்களும் சாப்பிடுங்கள் என்றேன்.

அத்தை சட்டியை மூடினார்.

"பத்து நிமிஷம் போவட்டும்மா. உனக்கு ஒண்ணும் ஆவலன்னா நாங்க சாப்புடறோம்."