நானாகவே எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். உன் சுகத்தைக் கேட்பதாக இல்லை. கடிதத்துக்கு முறை என்று ஒன்று இருப்பதால் கேட்டுவைக்கிறேன்.

மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும், நாங்கள் அங்கேயே வந்து இருந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வரமாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்பு உன் மகள் கல்யாணத்தில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "அண்ணனுக்குன்னு சொந்தமா ஒரு புத்தி கிடையாது, பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க புத்திதான்" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்தாய். அன்று உன் படியை விட்டு இறங்கியவன் இன்னும் ஏறவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், எவனையும் அண்டாமல், நானாகவே எழுதப் படிக்கக் கற்றவன் நான். என்னைப் பார்த்தா அந்தப் பேச்சு?

உன் அண்ணியும் உன் கட்சிதான். போன வாரம் சட்டைக்குப் பொத்தான் வைக்கத் தையல்கடைக்குப் போனதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். நடந்தது இதுதான். மத்தியான வேளை, மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றுகிறது, தையல் மிஷின் தூரத்து மழை மாதிரி கேட்கிறது, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு மீசைக்காரர் தூங்குகிறார், தூங்குகிறவர் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்காருவது மரியாதையில்லை என்று நானும் கண்ணை மூடினேன், மூடினால் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர், அதன்மேல் ஜன்னல் திரைகள் மெதுவாக மிதந்து போகின்றன, மீசைக்காரர் குனிந்து எதையோ தேடுகிறார், "என்ன தேடுறீங்க?" என்றேன், "செருப்புங்க" என்றார், "அந்தத் திரைக்கு அடியில பாருங்க" என்றேன். கண் விழித்தால் அவர் பாதித் தூக்கத்தில் என்னைப் பார்த்து, "அங்கேயும் இல்லீங்களே" என்கிறார். நான் கொஞ்சம் கலங்கியது உண்மை. அந்தக் கலக்கத்தில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்ததும் உண்மை. பிறகு செருப்பு தனக்குப் பழகிய வழியில் போயிற்று, நானும் கூடப் போனேன், தெரியாத தெரு, பச்சைக் கதவு, உள்ளே ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டே, திரும்பாமல், "வந்துட்டீங்களா, கதவைச் சாத்துங்க, தூசி வருது" என்றார். சாத்தினேன். உள்ளே நின்று சாத்தியதுதான் தப்பு என்கிறாள் உன் அண்ணி. அவர் மடித்ததால் நானும் எதிரே உட்கார்ந்து மடித்தேன். வெறுங்காலோடு மீசைக்காரர் வந்து தட்டியபோது கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டதும் நான்தான்.

இதற்கெல்லாம் பெயர் நல்ல பழக்கம். புத்தியில்லாமை இல்லை. ஆகவே வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்தான். உன் மனைவிக்கு என் ஆசிகள். மகளுக்கு இரண்டு மடங்கு. மிச்சமிருந்தால் உனக்கு.

இப்படிக்கு,
எவர் சொல்லுக்கும் அசையாத
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அண்ணி வாங்கிப் பார்த்து, "இது உங்க தம்பி போட்ட லெட்டருங்க, நீங்க எழுதினது எங்க?" என்றாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கையெழுத்து. ழகரத்தின் வால்கூட உன்னுடையதைப் போலவே அடுத்த வரிக்குள் இறங்கிப் படுத்திருக்கிறது. "யாரைப் பாத்து எழுதக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். நீ விளையாடப் போகும் நேரத்தில் உன் நோட்டை விரித்து, உன் எழுத்தின் மேலேயே விரலை ஓட்டிப் பழகியது ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னதில்லை.

வியாழக்கிழமை மத்தியான வண்டியில் இருவரும் வருகிறோம். இது என் சொந்த முடிவு. நான் இறங்கும்போது நீ மட்டும் அழக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.