நீட்ஸ் மஸ்ட் தீயல்

இனி ஓர் இங்கிலீஷ் வார்த்தையையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். காரணம், தேங்காயை வறுத்தரைத்து வைக்கும் சின்ன வெங்காயக் குழம்பான உள்ளித் தீயல்.

தக்கலை ஆபீசில் என் மேலதிகாரி ஜெபதாஸ் சாருக்கு ஒரு வழக்கம். யாருக்கும் பிடிக்காத வேலையை ஒருத்தன் தலையில் கட்டும்போது, "நீட்ஸ் மஸ்ட், நாராயணபெருமாள்" என்பார். வேறு வழியில்லை, முனகாமல் செய்து தொலை என்று அர்த்தம். பெரும்பாலும் என் தலைதான். அவரிடம் என் மனைவி அழகியநாயகி வைக்கும் தீயலைப் பற்றி அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை, உதவுகிறேன் பேர்வழி என்று, வறுத்த தேங்காய் மொத்தத்தையும் மிக்ஸியில் திணித்துச் சுற்றினேன். ஓர் உறுமல். பிறகு சத்தமே இல்லை. மோட்டார் போச்சு என்று தீர்ப்புச் சொன்னேன். சார் வர இன்னும் ஒரு மணி நேரம். என் மானம் அம்மியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"நீட்ஸ் மஸ்ட், ஏட்டி" என்றேன் அவளுக்கு அம்மியைக் காட்டி, கம்பீரமாக. அர்த்தம் கேட்டாள். விளக்கினேன். நிசமாகவே வேறு வழி கிடையாதா என்றாள். கிடையவே கிடையாது என்றேன்.

"அந்த வாக்கை இன்னொருக்கா சொல்லுங்க."

"நீட்ஸ் மஸ்ட்."

"மொத எழுத்தே 'நீ'. அப்பம் நீங்கதான் அரைக்கணும். மரியாதைக்கு 'ங்க' நான் சேத்துக்கிடுதேன்."

அரைத்தேன். தோள்பட்டை கழன்றது. சார் மூன்று தடவை சோறு வாங்கினார். மிக்ஸிக் கதையை எடுத்துவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவளோ, "இன்னைக்கு இவங்க அம்மியில அரைச்சது" என்று மட்டும் சொன்னாள். சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. இப்படி ஒருத்தி வாய்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அவர் போனதும் அதை அவளிடமே சொன்னேன். அவள் சிரித்தபடி மிக்ஸியைக் கவிழ்த்து, பாரம் தாங்காமல் நின்றால் அமுக்குவதற்கென்றே அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி, சுவிட்சைப் போட்டாள். ஓடியது.

"காலம்பறயே இதை அமுக்கியிருக்கலாமே?"

"வேற வழியே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னிய. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளை நான் எதுத்துப் பேச முடியுமா? அம்மி ருசி சாருக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த ஞாயிறும் வாறேன்னாரு."

நான் அம்மியைக் கழுவப் போனேன்.