புல்டோசரின் முன் படுத்தவர்

கோவில்பதாகை, ஆவடி
1 ஜூலை 1994

சந்தியாகப்பரின் காவலில் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டிய என் மதிப்புக்குரிய மச்சான் கஸ்பார் அவர்களுக்கு, இஞ்ஞாசி பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை பிலோமியும் சுகம். அவள் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். என்னைப் பார்த்து ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தூத்துக்குடியில் தாங்களும் வீட்டாரும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சிரிப்பு நீங்கலாக.

எங்கள் சந்தியாகப்பர் கோயில் பங்குக்கு இது வெள்ளி விழா ஆண்டு என்பது தங்களுக்குத் தெரியும். பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு, "தொழிற்சாலையில ஸ்டோர் கணக்கு எழுதினவரு, ஒரு ஆணி தப்பாது. பங்கு வரலாற்றை நீங்கதான் எழுதணும்" என்றார். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆணியும் வரலாறும் ஒன்றல்ல என்பதைச் சாமியாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எந்த ஆணிக்கும் ஒரு மகனோ மகளோ இருந்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. ஆரம்பம் சுலபமாகவே போயிற்று. கடலையே பார்க்க முடியாத இந்த ஊரின் குவார்ட்டர்ஸில் குடியேறிய நம் கடற்கரைக்காரர்கள், குதிரைமேல் அமர்ந்த சந்தியாகப்பர் சிலையைக் கம்பளியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தது, உள்ளூர்க் குடும்பங்கள் கீற்றும் மூங்கிலும் கொடுத்துக் கொட்டகை போட்டது, திருவிழாச் சப்பரத்தின் முன்கம்பைக் கடற்கரைக்காரர்களும் பின்கம்பை உள்ளூர்க்காரர்களும் தூக்குவது என்று வழக்கம் வைத்தது, எல்லாவற்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 1983க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அந்த ஆண்டில்தான் சாலையை அகலப்படுத்த வேண்டுமென்று நம் கொட்டகையை இடிக்கப் புல்டோசர் வந்தது. ஒருவர் குறுக்கே படுத்தார், இயந்திரம் நின்றது, சாயங்காலத்துக்குள் தடை உத்தரவு வந்தது, கோயில் பிழைத்தது. இதை ஆண்டுதோறும் திருவிழாப் பிரசங்கத்தில் கேட்கிறோம். அந்த ஒருவர் யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இந்தச் சாமியார் புதியவர், ஆர்வமுள்ளவர். அந்தப் பெயரைப் பளிங்குக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கப்போவதாகப் பூசையில் அறிவித்துவிட்டார்.

மறுநாளே காலஞ்சென்ற பொனவெந்தூரின் மகன் வந்துவிட்டான். "மாமா, எங்க அய்யாதான் படுத்தாவ. தூசி படிஞ்ச சட்டைய அம்மா இன்னும் தொவைக்காம பெட்டில வச்சிருக்காவ" என்றான். அவன் போன பிறகு, உள்ளூர்க்காரர் அடைக்கலத்தின் மகள் செசிலி வந்தாள். அடைக்கலமும் இப்போது இல்லை. "எங்க நைனாதான் பட்துகினாரு. இடுப்பு வலின்னு ஒரு வாரம் அனத்திகினு கெடந்தாரு. உன் புக்குல அந்த இடுப்பு வருமா, வராதா?" என்று கேட்டாள். இருவருமே பொய் சொல்லவில்லை மச்சான். முதல் ஆள் விழுந்ததைப் பார்த்து அன்று பலரும் படுத்தார்கள். ஆனால் தங்கள் அப்பன் பெயர் இல்லாவிட்டால் சப்பரக் கம்பைத் தொடமாட்டோம் என்று முன்கம்பும் சொல்லிவிட்டது, பின்கம்பும் சொல்லிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி திருவிழா. சந்தியாகப்பரிடம் குதிரை இருந்தாலும் அது மரக்குதிரை. தானாக வெளியே வராது.

இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. தங்களிடம் மட்டும் சொல்கிறேன். முதலில் விழுந்தது நான்.

படுக்கவில்லை, விழுந்தேன். கொட்டகையில் சாத்தியிருந்த என் சைக்கிளைக் காப்பாற்ற ஓடினேன். பந்தல் கயிறு காலில் மாட்டியது. குப்புற விழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உறுமல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் ஒரே தூசி, கூச்சல், என்னைச் சுற்றிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். அரசாங்க ஊழியன் அரசாங்க இயந்திரத்தின் முன் கிடந்தால் வேலை போய்விடுமே என்ற பயத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக ஷிப்டுக்குப் போய்விட்டேன். பிரசங்கத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். பிலோமி அதைப் பக்தி என்று நினைத்திருந்தாள். உள்ளுக்குள், விழுந்தாலும் நிறுத்தியது நான்தானே என்று ஒரு கடுகளவு பெருமை இருந்தது. இருந்ததை மறைப்பானேன்.

எதையும் சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்பது என் வழக்கம். புல்டோசர் ஓட்டிய துலுக்கானம் நூம்பலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னைத் தவிர வேறு எந்தப் பெயரையாவது அவர் சொல்லட்டும் என்று வழியெல்லாம் செபம் செய்தேன். அன்று யார் படுத்தது என்று கேட்டதும் அவர் சொன்னார்: "யாரும் பட்க்கல சாரே. ஒர்த்தரு உய்ந்தாரு. சைக்கிள எட்க்க ஓடியாந்து, கவுத்துல கால் மாட்டிகினு, தொபுக்கடீர்னு. ஒல்லியா, பயந்தாங்கொள்ளி மூஞ்சி..." சொல்லிக்கொண்டே வந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "அட, நீயா!" நான் கைகூப்பி, நீங்கள் பிரேக் போட்டதால்தான் உயிர் பிழைத்தேன் என்றேன். "இன்னா பிரேக்கு? டீசல் தீந்து பூட்ச்சி சாரே! வண்டி நின்னப்புறம்தான் நீ வந்து உய்ந்தே. நின்ன வண்டி முன்னால உய்ந்ததுக்கா கல்லு வெக்கறாங்கோ?" உள்ளிருந்து அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, "அவருக்குத் தண்ணி குட்யா, இன்னொரு தபா உய்ந்துடப் போறாரு" என்றாள். குடித்தேன். கடுகளவு பெருமையும் அந்தத் தண்ணீரோடு போயிற்று. பஸ்ஸில் திரும்பி வந்து பிலோமியிடம் முழுவதும் சொன்னேன். சிரிப்பு அன்று ஆரம்பித்ததுதான்.

ஆகவே "இறைவன் அருளால் இயந்திரம் நின்றது" என்று ஒரே வரியில் எழுதிப் பக்கத்தை முடித்துவிட்டேன். யார் பெயரும் இல்லை. எவ்வளவு யோசித்தும் இதில் ஒரு பொய்யும் இல்லை. கல்லே வேண்டாம் என்று ஞாயிறன்று சாமியாரிடம் சொல்லிவிடுவேன். சண்டை தீரும்வரை தாங்கள் திருவிழாவுக்கு வர வேண்டாம். மரியன்னை தங்கள் வீட்டாரைக் கண்ணும் கருத்துமாகக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி. தைரியம் மட்டும் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பை என்றும் மறவாத
ம. இஞ்ஞாசி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்தது நல்லதாயிற்று. இன்று ஞாயிறு. பூசை முடிந்து பார்த்தால் துலுக்கானம் மனைவியோடு சந்தியாகப்பரைக் கும்பிட வந்து நிற்கிறார். புல்டோசர் ஓட்டியவர் என்று தெரிந்ததும் சாமியார் விசாரிக்க, ஊரார் முன்னிலையில் என்னைக் காட்டி, "இந்த சாருதாம்பா மொதல்ல குறுக்க உய்ந்தாரு" என்றார். டீசலைச் சொல்லுங்கள் என்று காதில் கெஞ்சினேன். "டீசல் பாக்காம வண்டி எட்தாந்தேன்னு நானே சொல்லிக்கணுமா? உனக்கும் மருவாதி, எனக்கும் மருவாதி. கம்னு இரு" என்று காதிலேயே பதில் சொன்னார். எல்லோரும் இரு குடும்பங்களையும் பார்த்தார்கள். பொனவெந்தூரின் மகன், "இஞ்ஞாசி மாமாவா? அப்பச் சரி. அவுங்க பேரு இருந்தா யாருக்கு என்ன?" என்றான். செசிலியும், "அவுரு பேரு போட்டா போடாத மாறிதான். ஒத்துக்கறோம்" என்றாள். அங்கேயே முன்கம்பும் பின்கம்பும் கைகுலுக்கிக்கொண்டன. உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். சொன்னால் சப்பரம் நின்றுவிடும். உட்கார்ந்துவிட்டேன். இப்போதுதான் மச்சான், நான் தெரிந்தே குறுக்கே படுத்திருக்கிறேன். ஆகையால் மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் திருவிழாவுக்கு அவசியம் வாருங்கள். சைக்கிள் கதையையும் துலுக்கானம் அவிழ்த்துவிட்டார்; சப்பரத்துக்குப் பின்னால் அந்தச் சைக்கிளைத் துடைத்து, மாலை போட்டு, நானே தள்ளிக்கொண்டு வர வேண்டுமாம். கூட ஒரு ஆள் பிடித்துக்கொண்டால், இந்தத் தடவை விழமாட்டேன்.